கிழக்கு ஒஸ்லோவும் மேற்கு ஒஸ்லோவும்: ஒரு நகரின் மொழி எல்லையும் புலம்பெயர் தமிழரும்

முன்னுரை

நில எல்லை பற்றிய சிந்தனை தமிழில் மிகப் பழையது. தொல்காப்பியப் பாயிரம் வேங்கடத்தையும் குமரியையும் எல்லைகளாகச் சுட்டி, அவற்றுக்கு இடைப்பட்டதைத் தமிழ் வழங்கும் உலகம் என்கிறது. அதற்கு அப்பாற்பட்ட நிலத்தைச் சங்கப் பாடல்கள் மொழிபெயர் தேயம் எனக் குறிக்கின்றன. இங்கு எல்லையை வகுப்பது அரசாட்சி அன்று, வழங்கும் மொழியே. இவ்வளவுகோலை ஒரு நகரின் உள்ளே பொருத்தினால் புலப்படுவது யாது என்பதை, ஈழத்தமிழர் கணிசமாக வாழும் நோர்வேயின் தலைநகர் ஒஸ்லோவைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

ஆறு வகுத்த எல்லை

நிலப்படத்தில் ஒஸ்லோ நோர்வேயின் தென்கிழக்கில் அமைந்துள்ளது. எனினும், நகர மக்கள் தம்முள் வேறுபாடு காண்பது கிழக்கு, மேற்கு என்னும் சொற்களாலேயே ஆகும். மாரிடால் ஏரியில் தோன்றி ஏறத்தாழ 8 கிலோமீற்றர் ஓடிக் கடல்நீரேரியில் கலக்கும் ஆக்கர் ஆறு இப்பிரிவின் மரபுவழி எல்லையாகும். இவ்வாற்றின் நீர்வீழ்ச்சிகளின் விசையால் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நூற்பாலைகளும் நெசவாலைகளும் எழுந்தன. ஆலைத் தொழிலாளர் ஆற்றங்கரையிலும் அதன் கிழக்கிலும் குடியேறினர். அரச மாளிகைக்குப் பின்புறமாக விரிந்த மேற்குப் பகுதி அதிகாரிகளுக்கும் வணிகர்க்கும் உரியதாயிற்று.

விகுதியில் நின்ற வேற்றுமை

1814 வரை நோர்வே டென்மார்க்குடன் இணைந்திருந்தமையால் எழுத்துமொழியாக டேனியமே வழங்கியது. மேற்கு ஒஸ்லோவின் கற்றோர் பேச்சு அவ்வெழுத்து மொழியைத் தழுவி வளர்ந்தது. கிழக்கின் பேச்சோ சுற்றுப்புற நாட்டுப்புற வழக்கினின்று கிளைத்தது. ‘அந்தப் புத்தகம்’ என்னும் பொருளில் கிழக்கில் ‘பூக்கா’ என்பர். மேற்கில் ‘பூக்கன்’ என்பர். கல்லைக் கிழக்கு ‘ஸ்தைன்’ எனவும் மேற்கு ‘ஸ்தேன்’ எனவும் வழங்கின.

1938ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம் ஆகார ஈற்று வடிவங்கள் பலவற்றைப் பாடநூல்களுக்குள் கொணர்ந்தது. அவற்றைத் தரங்குன்றிய பேச்செனக் கருதிய பெற்றோர் 1951இல் தொடங்கிய எதிர்ப்பியக்கத்திற்கு மேற்கு ஒஸ்லோ வலுவான களமாயிற்று. பெற்றோர் தம் பிள்ளைகளின் பாடநூல்களைத் தம் கைப்படவே திருத்தினர். ஒரு விகுதியைக் குறித்த பூசலில் எந்த மக்களின் பேச்சு பள்ளிக்கு உரியது என்னும் வினாவே அடங்கியிருந்தது.

சென்னை தரும் ஒப்புமை

தமிழ்ச் சூழலில் இதற்கு ஒப்புமை உண்டு. வடசென்னையின் பெரம்பூர்ப் பகுதியில் எழுந்த பின்னி ஆலைகளைச் சூழத் தொழிலாளர் குடியிருப்புகள் பெருகின. அவ்வாலைத் தொழிலாளரை மையமாகக் கொண்டே 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று. சென்னையில் ‘வட’, ‘தென்’ என்பனவும் ஒஸ்லோவில் ‘கிழக்கு’, ‘மேற்கு’ என்பனவும் திசைப்பெயர்களாகத் தோன்றினும் தொழில், வருவாய், பேச்சு ஆகியவற்றின் அடையாளங்களாகவே வழங்குகின்றன. மெட்ராஸ் பாஷை எள்ளலுக்கு இலக்கானமையும் இந்நோக்கில் விளங்கும்.

தமிழரின் இடம்

1980களில் நோர்வேக்கு வந்த ஈழத்தமிழருள் பலர் வட நோர்வேயின் மீன் பதனிடும் ஆலைகளில் பணியாற்றிய பின்னரே ஒஸ்லோவுக்குப் பெயர்ந்தனர். இங்கு அவர்களுட் பலர் நகரின் வடகிழக்கிலுள்ள குரோருட் பள்ளத்தாக்கின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நிலைகொண்டனர். ஆகவே வடக்கில் மொழி கற்ற பெற்றோரின் நோர்வேஜியமும் இப்பள்ளத்தாக்கில் பிறந்த பிள்ளைகளின் நோர்வேஜியமும் ஒன்றாக இருத்தல் வேண்டும் என்பதில்லை.

பல நாட்டுப் பின்னணியுடைய இளைஞர் சேர்ந்து வாழும் கிழக்குப் பகுதிகளில், உருது, அரபு முதலிய மொழிகளின் சொற்கள் விரவிய புதிய பேச்சுவகை ஒன்றை 1990களில் ஆய்வாளர் இனங்கண்டனர். 2005இல் அதற்கு அகராதியும் வெளிவந்தது. இதனை மொழிக்குறைபாடு எனக் கருதுவோரும் உளர். ஆயின் வினைச்சொல்லின் இடமாற்றம் முதலியன இப்பேச்சில் ஒழுங்குடன் அமைவதை மொழியியலாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். கிழக்கின் பழைய பேச்சு பெற்ற அதே தீர்ப்பை இன்று இப்புதிய பேச்சு பெறுகிறது.

முடிவுரை

எல்லை நிலையாக நிற்பதில்லை. ஆற்றின் கிழக்கே தொழிலாளர் குடியிருப்பாயிருந்த குருனர்லொக்கா இன்று விலை உயர்ந்த வீடுகளின் பகுதியாகிவிட்டது. ‘கிழக்கு’ என்னும் சொல்லின் சமூகப் பொருள் பள்ளத்தாக்கை நோக்கி நகர்ந்துள்ளது. ஒஸ்லோ கிழக்கா மேற்கா என்னும் வினாவுக்கு விடை கூறுவது எவர் பேச்சு அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது என்பதே.

புலம்பெயர் தமிழாய்வில் ‘நோர்வேஜியம்’ என ஒற்றைச் சொல்லால் புகலிட மொழியைக் குறித்தல் போதாது. எந்நிலப் பகுதியின், எவ்வகுப்பாரின் நோர்வேஜியம் தமிழுடன் உறவாடுகிறது எனப் பதிவுசெய்தல் வேண்டும். அவ்வாறு செய்யாவிடின், தான் வளர்ந்த இடத்தின் பேச்சைப் பிழையறக் கற்ற தமிழ்ப்பிள்ளை, மொழி அறியாத பிள்ளையென ஆவணங்களில் இடம்பெற நேரும்.