சின்னஞ்சிறு வண்ண விளக்குகள்

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பர் நம் முன்னோர். இக்கூற்றுக்குச் சான்றாக ஒரு சிறு விளக்கு இன்று நம் வீடெங்கும் கண் சிமிட்டிக் கொண்டிருக்கிறது. தொலைக்காட்சிப் பெட்டியின் மூலையில் சிவப்பாகவும், இன்வெர்ட்டரின் முகப்பில் பச்சையாகவும் எரியும் அவ்விளக்கை நாம் அன்றாடம் காண்கிறோம். ஆனால் உற்று நோக்குவதில்லை. எல்.ஈ.டி. என்று கடைகளில் வழங்கும் இதற்கு 'ஒளி உமிழ் டையோடு' என்பது பாடநூற் பெயர். ஓரிரு ரூபாய்க்குக் கிடைக்கும் இவ்விளக்குகளைக் கொண்டு பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் இவ்வாண்டு ஒரு கருவி செய்தோம். அதனால் கற்றவற்றை இங்கே எழுதுகிறோம்.

பிறந்த கதை

1907ஆம் ஆண்டில் ஹென்றி ரவுண்ட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், சிலிக்கன் கார்பைடு படிகம் ஒன்றில் மின்சாரம் செலுத்தியபோது அது மங்கலாக ஒளிர்வதைக் கண்டார். 1920களில் ரஷ்ய நாட்டு ஒலெக் லோசெவ் இவ்வொளியை விரிவாக ஆராய்ந்தார். லெனின்கிராடு நகர முற்றுகையின்போது 1942இல் அவர் பட்டினியால் இறந்தார். தம் ஆராய்ச்சியின் பயனை அவர் கண்ணாரக் காணவில்லை.

1962இல் அமெரிக்க நாட்டு நிக் ஹோலன்யாக் முதன்முதலாகப் பயன்படத்தக்க சிவப்பு எல்.ஈ.டி.யைச் செய்து காட்டினார். இவர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகன். 1972இல் இவருடைய மாணவர் ஜார்ஜ் கிராஃபோர்டு மஞ்சள் விளக்கை உருவாக்கினார். நீலம் மட்டும் எளிதில் வசப்படவில்லை. பிரகாசமான நீலம் கிடைக்க 1990களின் தொடக்கம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதனைச் சாதித்த அகாசாகி, அமானோ, நகாமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

எவ்வாறு ஒளிர்கிறது?

பழைய குண்டு பல்பில் உலோக இழை சூடேறிப் பழுத்து ஒளி தரும். எல்.ஈ.டி.யில் இழையே இல்லை. உள்ளே மணல் துகள் போன்ற ஒரு படிகம் உண்டு. அதன் ஒரு பகுதியில் எலெக்ட்ரான்கள் மிகுதி. மறு பகுதியில் அவை இல்லாத வெற்றிடங்கள் மிகுதி. மின்சாரம் பாயும்போது எலெக்ட்ரான்கள் எல்லையில் அவ்வெற்றிடங்களில் விழுகின்றன. மாடிப்படியிலிருந்து பந்து விழுந்தால் ஓசை எழுவது போல, இங்கே விழும்போது ஒளி எழுகிறது. படியின் உயரம் குறைவானால் சிவப்பு. சற்று மிகுந்தால் மஞ்சள், பச்சை. மிக உயர்ந்தால் நீலம். ஆகவே நிறத்தைத் தருவது மேலே உள்ள வண்ண பிளாஸ்டிக் அன்று. உள்ளே இருக்கும் படிகமே. நிறமற்ற மூடியுள்ள விளக்கும் சிவப்பாக எரிவது இதனால்தான்.

படியின் உயரம் மின்னழுத்தத்திலும் தெரியும். சிவப்பு, மஞ்சள், சாதாரணப் பச்சை ஆகியவற்றிற்கு ஏறக்குறைய 2 வோல்ட் போதும். நீலத்திற்கும் வெள்ளைக்கும் 3 வோல்ட்டுக்கு மேல் தேவை.

இரண்டு கால்கள்

எல்.ஈ.டி.க்கு இரண்டு கால்கள். நீண்ட கால் நேர்முனையில் சேரவேண்டும். குட்டைக் கால் எதிர்முனையில் சேரவேண்டும். காலை வெட்டிவிட்டால் எப்படி அறிவது? விளிம்பைத் தடவிப் பாருங்கள். பொதுவாகத் தட்டையாகச் சீவப்பட்ட பக்கமே எதிர்முனை. மாற்றி இணைத்தால் விளக்கு எரியாது. 5 வோல்ட்டுக்கு மேல் மாற்றிக் கொடுத்தால் பழுதாகவும் கூடும்.

கணக்கு முதலில், இணைப்பு பிறகு

நாங்கள் செய்த முதல் தவற்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். ஒரு சிவப்பு விளக்கை 9 வோல்ட் பேட்டரியில் நேராக வைத்தோம். ஒரு கணம் பளீரென்று எரிந்தது. ஒரு தீய்ந்த நாற்றம். பிறகு எரியவே இல்லை. எங்களில் ஒருத்தி, "பேட்டரிதான் கெட்டுப்போயிற்று" என்று சொல்லி இரண்டாவது விளக்கையும் வைத்தாள். அதுவும் போயிற்று!

காரணம் இதுதான். எல்.ஈ.டி. தானாகத் தன் மின்னோட்டத்தை அடக்கிக் கொள்ளாது. கொடுக்கக் கொடுக்க வாங்கிக்கொண்டு அழிந்துபோகும். அதற்குக் கடிவாளமாக ஒரு மின்தடை, அதாவது ரெசிஸ்டர், வேண்டும். எவ்வளவு வேண்டும் என்பதை ஓம் விதியால் அறியலாம். பேட்டரி 9 வோல்ட்; விளக்கு எடுத்துக்கொள்வது 2; எஞ்சுவது 7. சாதாரண 5 மில்லிமீட்டர் விளக்கு 20 மில்லியாம்பியர் தாங்கும். அடையாளம் காட்ட 10 மில்லியாம்பியரே போதும். 7ஐ 0.010ஆல் வகுத்தால் 700 ஓம். கடையில் அதற்கு அடுத்துக் கிடைப்பது 680 ஓம்; அதன்மேல் நீலம், சாம்பல், பழுப்பு வளையங்கள் இருக்கும். நீல விளக்கிற்கு இதே கணக்கைப் போட்டால் 580 வரும். 560 ஓம் பொருத்தலாம்.

மற்றொரு தவறு: சிவப்பையும் நீலத்தையும் பக்கம் பக்கமாக இணைத்து இரண்டிற்கும் ஒரே மின்தடை வைத்தோம். சிவப்பு எரிந்தது, நீலம் எரியவில்லை. 2 வோல்ட்டிலேயே சிவப்பு மின்னோட்டம் முழுவதையும் வாங்கிக்கொள்வதால், நீலத்திற்கு வேண்டிய 3 வோல்ட் அங்கே எழும்புவதே இல்லை. ஆகவே விளக்குக்கு ஒன்றாக மின்தடை வைப்பதே முறை.

எங்கள் தண்ணீர்க் காட்டி

நம் விடுதியின் மாடித் தொட்டி நிறைந்துவிட்டதா என்று அறிய, சமையற்கட்டு அக்கா ஒவ்வொரு நாளும் இரும்பேணியில் ஏறிப் பார்ப்பார். ஐப்பசி மழையில் ஒருநாள் கால் வழுக்கி விழுந்தார். மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு இரண்டு வாரம் ஒரு கையாலேயே எங்களுக்குப் பரிமாறினார். அதைக் கண்ட பிறகு வகுப்பில் எங்களுக்குப் பாடம் ஓடவில்லை. "படித்ததைப் பயன்படுத்துங்களேன்" என்றார் எங்கள் அறிவியல் சிஸ்டர்.

அமைப்பு எளியது. தொட்டியின் அடியில் ஓர் எவர்சில்வர் திருகாணி. அது பேட்டரியின் நேர்முனையோடு சேரும். அதற்குச் சற்று மேலே ஒன்று, நடுவில் ஒன்று, விளிம்பருகே ஒன்று என மேலும் மூன்று திருகாணிகள். இம்மூன்றும் தனித்தனியே 1000 ஓம் மின்தடை வழியாகப் பி.சி.547 என்னும் டிரான்சிஸ்டரின் 'பேஸ்' முனைக்குச் செல்லும். குழாய்த் தண்ணீரில் உப்புகள் கரைந்திருப்பதால் அது சிறிது மின்சாரத்தைக் கடத்தும். தண்ணீர் திருகாணியைத் தொட்டதும் அச்சிறு மின்னோட்டத்தை டிரான்சிஸ்டர் பெருக்கி விளக்கை எரிக்கிறது. செம்புக் கம்பி இவ்வேலையில் விரைவில் அரித்துப் பச்சை படிந்துவிடும். ஆகவே எவர்சில்வரைக் கொண்டோம். அழுத்தினால் மட்டும் மின்சாரம் பாயும் பொத்தான் ஒன்றையும் வைத்தோம். அரிப்பும் குறையும், பேட்டரியும் நீடிக்கும்.

அடியில் சிவப்பு, நடுவில் மஞ்சள், நிறைந்தால் பச்சை என்று விளக்குகளை அமைத்துப் பெருமையோடு அக்காவிடம் ஒப்படைத்தோம். மறுநாளே தொட்டி வழிந்து மாடியெல்லாம் வெள்ளம்! "பச்சைதானே எரிஞ்சுச்சு பாப்பா? பச்சைன்னா ஓடலாம்னுதானே அர்த்தம்?" என்றார் அக்கா. நாங்கள் வாயடைத்து நின்றோம். அவர் சொன்னதே சரி. தண்ணீரின் நிலையை மட்டும் நாங்கள் எண்ணினோம். பார்ப்பவர் செய்யவேண்டிய செயலை எண்ணவில்லை. நிறைந்தால் மோட்டாரை நிறுத்த வேண்டும். நிறுத்தச் சொல்வது சிவப்பல்லவா? சிவப்பையும் பச்சையையும் இடம் மாற்றினோம்.

மற்றொரு ஐயமும் எழுந்தது. எந்த விளக்கும் எரியாவிட்டால் தொட்டி காலியா, பேட்டரி காலியா? அதற்காக நான்காவதாக ஒரு நீல விளக்கைத் தொட்டியோடு தொடர்பின்றிப் பொத்தானோடு நேரே இணைத்தோம். பொத்தானை அழுத்தியவுடன் நீலம் எரிந்தால் பேட்டரி நலம். நீலத்திற்கு மின்னழுத்தம் மிகுதியாக வேண்டுமாதலால், பேட்டரி தளரும்போது அதுவே முதலில் மங்கி எச்சரிக்கும். நீலம் நம் அன்னை மரியின் நிறமாயிற்றே என்று எங்களுக்கு இரட்டிப்பு மகிழ்ச்சி.

தங்கைகளுக்குச் சில சொற்கள்

எல்.ஈ.டி.யை வீட்டு மின்சாரத்தில் ஒருபோதும் நேரடியாக இணைக்காதீர்கள், உயிருக்கே ஆபத்து. பேட்டரியோடு நின்றுகொள்ளுங்கள். மிகுந்த பிரகாசமுள்ள விளக்கைக் கண்ணருகே வைத்துப் பார்க்காதீர்கள். சால்டரிங் அயர்னை விளக்கின் காலில் மூன்று வினாடிக்கு மேல் வைக்காதீர்கள். சூடு படிகத்தைக் கெடுத்துவிடும். ஈயம் கலந்த பற்றைத் தொட்டபின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவிவிட்டே உணவு உண்ணுங்கள்.

முடிவாக

எண்ணெயை முன்கூட்டியே எண்ணி எடுத்துவைத்த கன்னியரின் உவமையை நற்செய்தியில் கேட்டிருக்கிறோம். கணக்குப் போடாமல் இணைத்த எங்கள் முதல் விளக்குகள் ஒரு கணத்தில் அணைந்தன. அளவறிந்து இணைத்த நான்கு விளக்குகள் இன்றும் சமையற்கட்டுச் சுவரில் எரிகின்றன. அறிவியற் கண்காட்சியில் எங்களுக்குப் பரிசு கிடைக்கவில்லை. ஆனால் மழை நாட்களில் அக்கா இப்போது ஏணியில் ஏறுவதில்லை. சுவரருகே நின்று பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டு, "நிறைஞ்சிருச்சு பாப்பா" என்று எங்களைப் பார்த்துச் சிரிக்கிறார். எங்களுக்கு அதுவே போதும்.