பழச்சாற்றில் எலக்ட்ரானைப் பிடிக்கும் உணரி

மாணவர்களே, மாசாய் இரவுச் சந்தையில் சிவப்பு டிராகன் பழச்சாறு வாங்கிக் குடித்திருப்பீர்கள். அதில் வைட்டமின் சி எவ்வளவு இருக்கும்? ஆய்வுக்கூடத்தில் இதற்கு டிசிபிஐபி என்ற நீலக் கரைசலைப் பயன்படுத்துவோம். சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட, நீலம் மறையும். எலுமிச்சைச் சாறென்றால் சிக்கலில்லை. டிராகன் பழச்சாற்றின் சிவப்போ கண்ணை ஏமாற்றிவிடும். எந்தச் சொட்டில் நீலம் மறைந்தது என்று சொல்வது கடினம்.

நிறத்தை நம்பாமல் அளக்க ஒரு வழி உண்டு. வைட்டமின் சி தன் எலக்ட்ரான்களை அந்தச் சாயத்துக்குக் கொடுப்பதால்தான் நீலம் மறைகிறது. ஆண்டிஆக்சிடன்ட் எனப்படும் பொருள்கள் பலவற்றுக்கும் இப்படிக் கொடுக்கும் குணம் உண்டு. சாயத்துக்குப் பதில் ஒரு கார்பன் மின்முனை அவற்றை வாங்கிக்கொண்டால் மின்னோட்டம் பாயும். ஒரு வைட்டமின் சி மூலக்கூறு 2 எலக்ட்ரான்கள் தரும். மூலக்கூறுகள் கூடினால் மின்னோட்டமும் கூடும்.

ஆனால், எலக்ட்ரான் யாரிடமிருந்து வந்தது என்று மின்முனைக்குத் தெரியாது. இனிப்பு நீர் உள்ள தாத்தா, பாட்டி வீட்டில் பயன்படுத்தும் சர்க்கரை மானியும் எலக்ட்ரான்களையே அளக்கிறது. ஊசி வழியாக மிக அதிக வைட்டமின் சி ஏற்றப்பட்ட நோயாளிகளிடம், சில வகை மானிகள் சர்க்கரையை உண்மையைவிட அதிகமாகக் காட்டியதுண்டு. அதை நம்பி இன்சுலின் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து!

ஆள் அடையாளம் காட்டும் வேலையை நொதி செய்கிறது. மின்முனையோடு நொதியைச் சேர்க்கும் யோசனையை, குளுக்கோஸை அளப்பதற்காக, 1962-இல் அமெரிக்காவின் லீலண்ட் கிளார்க் முன்வைத்தார். வைட்டமின் சிக்கு உதவும் நொதி அஸ்கார்பேட் ஆக்சிடேஸ். அது நம் வெள்ளரிக்காயிலேயே இருக்கிறது. வெள்ளரித் திசுவை அப்படியே மின்முனையில் பொருத்திய உணரிகளும் உண்டு. நொதி வைட்டமின் சியை மாற்றும்போது ஆக்சிஜனைச் செலவழிக்கும். ஆக்சிஜன் எவ்வளவு குறைந்தது என்பதை மின்முனை அளக்கும். சாறு சிவப்பா, மஞ்சளா என்ற கவலை இல்லை.

பாலிபினால்களுக்கு லாக்கேஸ் என்ற வேறு நொதி. மொத்தப் பாதுகாப்பையும் அளக்க வேண்டுமானால் டிஎன்ஏ உணரி. மின்முனையில் டிஎன்ஏவைப் படியவைத்து, இரும்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்து உருவாக்கும் ஹைட்ராக்சில் ரேடிக்கலால் தாக்குவார்கள். டிஎன்ஏ சிதையும், சமிக்ஞை குறையும். சாற்றைச் சேர்த்தபின் சமிக்ஞை எவ்வளவு தப்புகிறது என்று பார்ப்பார்கள். எனவே ஒரே சாற்றுக்கு உணரிக்கு உணரி எண் மாறும். போத்தலில் ‘ஆண்டிஆக்சிடன்ட் நிறைந்தது’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது பாதிச் செய்திதான். இந்த எண்கள் சாற்றைப் பற்றியவை; குடித்தபின் அதில் எவ்வளவு இரத்தத்தில் சேர்கிறது என்பதற்கு வேறு சோதனை வேண்டும்.