ஹாங்சோவில் நடக்க வேண்டியது தாம்பரத்தில் நடந்தது

எங்கள் காலேஜில் இன்டர்நேஷனல் கிளப் என்று ஒன்று இருந்தது. வருஷத்தில் ஒரு நாள்தான் அதற்கு உயிர் வரும். சார்ட் பேப்பரில் வரைந்த கொடிகளை ஆடிட்டோரியத்தில் ஒட்டுவோம், வெளிநாட்டு மாணவர்களை அவரவர் உடையில் மேடையேற்றுவோம், கைதட்டுவோம், சமோசா சாப்பிட்டுவிட்டுக் கலைவோம். 1999-இல் அந்தக் கிளப்பில் எனக்கும் ஒரு பொறுப்பு இருந்தது. ஹாஸ்டலில் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் எத்தியோப்பியா, இன்னொருவர் எரித்ரியா. இருவரையும் சேர்த்து 'ஆப்பிரிக்கன் டான்ஸ்' என்று நிகழ்ச்சி நிரலில் போட்டுவிட்டேன். எரித்ரியாக்காரர் வரவில்லை. ரூம் கதவைத் தட்டினேன், தலைவலி என்றார். ரொம்ப ஹெட்வெயிட் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

அந்த இரண்டு நாடுகளும் 1998 மே மாதத்திலிருந்து போரில் இருந்தன. பாத்மே என்கிற சின்ன எல்லை ஊரில் ஆரம்பித்து 2000 வரை நடந்த போர் அது. பல்லாயிரம் பேர் செத்தார்கள். இது எனக்குத் தெரிய வந்தபோது நான் வேலைக்குச் சேர்ந்து பல வருஷம் ஆகியிருந்தது. உலக அறிவை வளர்க்க வைத்த கிளப்புக்கு நான் பொறுப்பாளர், பாருங்க.

இந்தக் குற்ற உணர்ச்சியோடுதான் நம்ம மாவட்டத்து வரலாற்றைத் தோண்டும்போது 1938 தாம்பரத்தில் வந்து நின்றேன். செங்கல்பட்டு லோக்கலில் போகிறவர்களுக்குத் தாம்பரம் ஸ்டேஷனுக்குக் கிழக்கே மரங்கள் அடர்ந்த அந்த வளாகத்தைத் தெரியும். மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ், சுருக்கமாக எம்சிசி. ஜார்ஜ் டவுனிலிருந்து 1937-இல்தான் இங்கே இடம் மாறியது. அதற்கு அடுத்த வருஷம் டிசம்பர் 12 முதல் 29 வரை, சுமார் 70 நாடுகளிலிருந்து 470 பேர் வாக்கில் இங்கே வந்து தங்கினார்கள். சர்வதேச மிஷனரி கவுன்சிலின் மாநாடு. மிஷனரி என்றதும் சிலருக்கு ஆர்வம் போய்விடும் என்று தெரியும். கொஞ்சம் பொறுங்க, நான் சொல்ல வருவது மதம் பற்றி இல்லை.

அந்த மாநாட்டின் வேர் கல்லூரி சங்கங்களில் இருக்கிறது. மாநாட்டுத் தலைவர் ஜான் மாட், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மாணவர் ஒய்எம்சிஏ நடத்தி வளர்ந்தவர். பல நாட்டு மாணவர் அமைப்புகளைச் சேர்த்து 1895-இல் ஸ்வீடனில் உலக மாணவர் கிறிஸ்தவ சம்மேளனத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். 1946-இல் நோபல் அமைதிப் பரிசு வாங்கினார். அந்தச் சம்மேளனம் 1907-இல் டோக்கியோவில் கூடியபோது நம்ம ஊர்க்காரர் ஒருவர் போனார். திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்து, எம்சிசியில் படித்து, ஒய்எம்சிஏ செயலாளராக இருந்த வி. எஸ். அசரியா. மூன்று வருஷம் கழித்து எடின்பர்க்கில் நடந்த உலக மாநாட்டில் 1,200 பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆசியர்கள் 20 பேர்கூட இல்லை. அங்கே அசரியா எழுந்து, வெள்ளைக்கார மிஷனரிகள் எங்களுக்காக உழைக்கிறார்கள், தியாகம் செய்கிறார்கள், எல்லாம் சரி, ஆனால் எங்களை நண்பர்களாக நடத்துவதில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ஒரே வேலையில் வருஷக்கணக்காக இருந்தும் வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு வேளை சாப்பாடு போடாத உறவு என்ன உறவு என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம். கூட்டத்தில் பலருக்கு அது பிடிக்கவில்லை. அதே அசரியா 28 வருஷம் கழித்து, தோர்ணக்கல் பேராயராக, தாம்பரம் மாநாட்டில் முக்கியமான ஆளாக இருந்தார். இம்முறை ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்கப் பிரதிநிதிகள்தான் பாதிக்கு மேல்.

உண்மையில் இந்த மாநாடு சீனாவில், ஹாங்சோ நகரத்தில் நடக்க வேண்டியது. 1937-இல் ஜப்பான் சீனாவுக்குள் புகுந்ததால் இடம் மாறித் தாம்பரத்துக்கு வந்தது. புதுக் கட்டடம், நிறைய இடம், ஸ்டேஷன் பக்கத்திலேயே. பிரதிநிதிகள் தங்கியது மாணவர் விடுதிகளில். எம்சிசிக்காரர்கள் ஹாஸ்டல் என்று சொல்ல மாட்டார்கள், 'ஹால்' என்பார்கள். செயின்ட் தாமஸ், சேலையூர், பிஷப் ஹீபர் என்று அப்போது மூன்று ஹால்கள்.

சீனக் குழுவுக்குத் தலைமை தாங்கி வந்தவர் ஊ யிஃபாங் என்ற பெண்மணி. மிச்சிகனில் பிஎச்டி முடித்தவர், நான்ஜிங்கில் இருந்த ஜின்லிங் பெண்கள் கல்லூரியின் தலைவர். நான்ஜிங் ஜப்பானியரிடம் விழுந்தது 1937 டிசம்பர் 13. அந்த நாட்களில் அவருடைய கல்லூரி வளாகம்தான் ஆயிரக்கணக்கான பெண்களுக்குப் புகலிடமாக இருந்தது. கல்லூரியோ மேற்கே செங்டூவுக்கு இடம்பெயர்ந்தது. தாம்பரம் மாநாடு தொடங்கியபோது நான்ஜிங் விழுந்து கிட்டத்தட்ட ஒரு வருஷம். ஜப்பானிலிருந்து வந்தவர்களில் ஒருவர் டொயோஹிகோ ககாவா. கோபே நகரத்துச் சேரியில் குடியிருந்து, தொழிற்சங்கமும் கூட்டுறவு சங்கமும் கட்டியவர். இந்த இரண்டு பேரும் அவரவர் நாட்டுக்காரர்களும் ஒரே வளாகத்தில் இரண்டரை வாரம் இருந்தார்கள்.

போர் நின்றுவிட்டதா என்றால், இல்லை. 1945 வரை போனது. மாநாடு முடிந்து அடுத்த மாதம் ககாவா பர்தோலிக்குப் போய் காந்தியைப் பார்த்தார். போரைப் பற்றி ஜப்பானியர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று காந்தி கேட்டார். தன் கருத்து நாட்டின் கருத்துக்கு மாறானது என்று ககாவா ஒப்புக்கொண்டார். அப்படியென்றால் அதை வெளிப்படையாகச் சொல்லி, சுடப்பட்டாலும் பரவாயில்லை என்று நிற்க வேண்டியதுதானே என்றார் காந்தி. நல்ல அறிவுரைதான், சொல்கிறவர் காந்தி என்பதால் நாம் வாயை மூடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. 1940-இல், சீனர்களிடம் மன்னிப்புக் கேட்டு எழுதியதற்காக ஜப்பான் ராணுவப் போலீஸ் ககாவாவைக் கைது செய்தது.

தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களில் நேட்டாலின் குரூட்வில் கிராமத் தலைவர் ஒருவர் இருந்தார். பெயர் ஆல்பர்ட் லுத்துலி. அதற்கு முன் ஆசிரியர். அவருடைய ஊரைச் சுற்றிக் கரும்புத் தோட்டங்கள். மெட்ராஸ் துறைமுகத்தில் கப்பலேறிப் போன நம்ம ஆட்களின் வாரிசுகள் அவருக்கு அக்கம்பக்கம். ஆனால் இந்தியாவை, கல்லூரியும் கடைத்தெருவும் அரசியலுமாக, அவர் பார்த்தது அந்த டிசம்பரில்தான். தன் பார்வையை விரிவாக்கிய பயணம் என்று சுயசரிதையில் பிற்பாடு எழுதினார். 1952-இல் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸும் தென்னாப்பிரிக்க இந்திய காங்கிரஸும் சேர்ந்து சட்டமறுப்பு நடத்தின. லுத்துலி அதில் நின்றதற்காக அரசாங்கம் அவருடைய தலைவர் பதவியைப் பிடுங்கியது. அடுத்து ஏஎன்சி தலைவரானார். 1960-ஆம் வருஷத்து நோபல் அமைதிப் பரிசு அவருக்கு. தாம்பரம்தான் காரணம் என்று சொன்னால் அது டுபாக்கூர் ஆராய்ச்சி. ஆனால் அந்த வரிசையில் தாம்பரத்துக்கும் ஓர் இடம் உண்டு.

இதை எழுத உட்கார்ந்தபோதுதான் இன்னொன்று உறைத்தது. 84 வருஷம் கழித்து இதே கதை மாமல்லபுரத்தில் நடந்திருக்கிறது. 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் மாஸ்கோவில் நடக்க இருந்தது. 2022 பிப்ரவரி 24 ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. மறுநாளே போட்டியை அங்கிருந்து எடுத்துவிடுவதாக ஃபிடே முடிவு செய்தது. மார்ச்சில் சென்னைக்குக் கொடுத்தார்கள். ஜூலை கடைசியில் பூஞ்சேரி ஓட்டலில் 180-க்கும் மேற்பட்ட நாடுகள் உட்கார்ந்து ஆடின. பெண்கள் பிரிவில் தங்கம் வாங்கியது உக்ரைன்.

ஆக, போர் துரத்தி நம்ம மாவட்டத்துக்கு வந்து சேர்ந்த உலகக் கூட்டங்கள் இரண்டு. ஒரு வித்தியாசம்: 1938-இல் இரண்டு தரப்பும் வந்தது. 2022-இல் ரஷ்ய அணிக்கும் பெலாரஸ் அணிக்கும் தடை. ஃபிடேயின் லத்தீன் வாசகம் 'ஜென்ஸ் உனா சுமுஸ்', நாமெல்லாம் ஒரே குலம் என்று அர்த்தம். தடை சரிதான் என்பது என் கருத்து. ககாவா தாம்பரத்துக்கு வந்தது ஜப்பான் கொடியின் கீழ் ஆட அல்ல. தேசிய அணி என்பது வேறு, தன் அரசாங்கத்தோடு ஒத்துப்போகாத ஒரு மனிதர் வருவது வேறு. இருந்தாலும் மனசு முழுசாக ஒப்பவில்லை.

அக்கா மகள் அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். பூஞ்சேரியில் வாலண்டியர் வேலை. தொடக்க விழா அன்றைக்கு ராத்திரி போன் செய்தாள். "மாமா, பாகிஸ்தான் டீம் வந்துட்டு, ஆடாமலே திரும்பிப் போறாங்களாம். என்னாச்சு அவங்களுக்கு?" ஒலிம்பியாட் ஜோதி ஜம்மு காஷ்மீர் வழியாகப் போனதை ஆட்சேபித்து அந்த நாடு அணியைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது. சொன்னேன். அதற்கு மேல் அவள் விடவில்லை. காஷ்மீரில் அவர்களுக்கு என்ன உரிமை, நமக்கு என்ன கணக்கு, 1947, 1948 என்று ஒரு மணி நேரம் போனது. கடைசியில், "அந்த பிளேயர்ஸ்க்கு ஆடணும்னு இருந்திருக்கும்ல?" என்றாள்.

கதவைத் தட்டிய அன்றைக்கு எரித்ரியாக்காரரிடம் நான் கேட்டிருக்க வேண்டியது, அவள் எனக்கு போனில் போட்ட முதல் கேள்வி. என்னாச்சு? அவ்வளவுதான். அதற்கு கிளப்பே தேவையில்லை, ஒரே மெஸ்ஸில் நான்கு வருஷம் சாப்பிட்டவர்கள் நாங்கள்.

போன பொங்கலுக்குப் பரண் சுத்தம் செய்தபோது 2000-ஆம் வருஷத்து ஆட்டோகிராஃப் நோட்டு கிடைத்தது. அவருடைய பக்கம் இருக்கிறது. அழகான கையெழுத்தில் பெயர், அதன் கீழே ஊர், அஸ்மாரா. எரித்ரியாவின் தலைநகரம். ஓரத்தில், பின்னால் மறந்துவிடக் கூடாதே என்று பென்சிலில் என் கையெழுத்து: எத்தியோப்பியா.