மதிலுக்குள் வீடு: உறுதிக்குள் என்ன இருக்கிறது?

புறக்கோட்டையில் கடை வைத்திருக்கும் நம்மவர் பலர் இப்போது தலவத்துகொடை, மாலபே, பன்னிப்பிட்டி பக்கம் அமைதியான வீடு தேடுகின்றனர். சுற்றுமதில், காவலாளி, பிள்ளைகள் ஓடித்திரிய உள்வீதி என்பன எவரையும் கவரும். மகளின் குடும்பத்துக்காக நானும் இத்தகைய சில வரிசை வீடுகளைப் பார்த்தேன். குசினி அலுமாரியை எல்லோரும் காட்டினார்கள். உள்வீதி யாருக்குச் சொந்தம் என்பதை நான் கேட்ட பிறகே சொன்னார்கள்.

விடயம் அங்கேதான் இருக்கிறது. மதிலுக்குள் உள்ள வீடுகள் இரு வகையாக விற்கப்படுகின்றன.

முதலாவது, தனிக்காணி. உங்கள் பேர்ச்சஸ் அளவு உறுதியில் இருக்கும். ஆனால் வீதியும் வடிகானும் இன்னும் விற்பனையாளரின் பெயரிலேயே இருக்கலாம். வழியுரிமை உறுதியில் தெளிவாக எழுதப்பட வேண்டும். கேட்டைத் திருத்த அயலவர் பணம் தர மறுத்தால், முன்பே செய்த உடன்படிக்கை மட்டுமே துணை.

இரண்டாவது, கூட்டாதனம். இது 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருவது. திட்டம் பதிவானதும் வீட்டுக்காரர்களைக் கொண்ட முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் உருவாகும். பொது இடங்களில் உங்களுக்கும் பங்குண்டு; பராமரிப்புச் செலவிலும் பங்குண்டு. இதை மேற்பார்வை செய்வது கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபை. ஆனால் இங்கு சுவரை இடிக்கவோ, கீழ்வீட்டில் சரக்கு அடுக்கவோ, லொறி நிறுத்தவோ நினைத்தபடி முடியாது. வியாபாரிகள் விதிகளை முதலில் வாசிக்க வேண்டும்.

முற்பணம் கொடுக்குமுன் உங்கள் சொந்தச் சட்டத்தரணியைக் கொண்டு காணிப் பதிவகத்தில் தேடுங்கள். கட்டுவதற்குக் கடன் பெற்று முழுக் காணியும் வங்கிக்கு ஈடு வைக்கப்பட்டிருந்தால், உங்கள் வீட்டை அந்த ஈட்டிலிருந்து விடுவிக்கும் பத்திரத்தைக் கேளுங்கள். வீடு அனுமதித்த வரைபடத்தின்படி கட்டப்பட்டது என்ற சான்றிதழையும் கேளுங்கள். களனி கங்கையை அண்டிய பகுதியென்றால் 2016 மே மாதத்திலும் 2025 நவம்பரிலும் வெள்ளம் எங்கு வரை வந்தது என்று பக்கத்துக் கடைக்காரரிடம் விசாரியுங்கள். விளம்பரத் தாளில் அது இராது.

இனி கணக்கு. காணி, வீடு கைமாறும்போது முத்திரை வரி வழமையாக முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். 3 கோடி ரூபா வீட்டுக்கு இது மட்டும் ஏறத்தாழ 12 இலட்சம். அதன்மேல் நொத்தாரிசுக் கட்டணம், பிறகு சோலைவரி, மாதாந்தப் பராமரிப்புப் பணம். பராமரிப்புப் பணம் கடை மூடிக் கிடக்கும் மாதத்திலும் நிற்காது.

பருவத்துக்குச் சரக்கெடுக்க வைத்திருக்கும் முதலை வீட்டில் போட்டால், அவசரத்துக்கு அது கைக்கு வராது. ஆறு மாதக் கொள்முதலுக்கான பணத்தைத் தொடாமல் வாங்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் இன்னும் ஓராண்டு வாடகை கொடுப்பதில் நட்டமில்லை.