தெற்கே விழும் நிழல்

பந்தல்குடிப் பக்கம் உச்சிவெயிலில் நடந்து வருகிறவர் யாரானாலும், சூரியன் மண்டைக்கு நேரே நின்று காய்கிறது என்றுதான் சொல்வார். ஆனி மாதத்தில் அது சரியில்லை. இதைக் கண்டுகொள்ள ஒரு குச்சி போதும்.

சமமான களத்தில் நாலடிக் கம்பு ஒன்றை நட்டு, கொத்தனாரின் தூக்குக்குண்டைப் பக்கத்தில் தொங்கவிட்டு, நெட்டுக்குத்தாக நிற்கிறதா என்று பாருங்கள். ஜூன் 21 அன்று இங்கே உச்சிவேளை கடிகாரத்தில் 12.20 வாக்கில் வரும். இந்திய நேரம் நமக்குக் கிழக்கே 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்து ஓடுவதால் இந்தத் தாமதம். அப்போது நிழல் ஓரடி நீளத்துக்குத் தெற்கே விழும். ஆம், தெற்கே! சூரியன் நம் உச்சியைத் தாண்டி வடக்கே 14 பாகை தள்ளி நிற்கிறது. அதன் வடதிசைப் பயணத்தின் எல்லை அதுதான். மார்கழியில் இதே கம்பின் நிழல் இரண்டரை அடிக்கு மேல் வடக்கே நீண்டு கிடக்கும்.

இடையில் வருஷத்துக்கு இரண்டு முறை நிழல் கம்பின் காலடியிலேயே ஒடுங்கிவிடும். ஒன்று சித்திரைப் பிறப்பை ஒட்டி. மற்றது ஆகஸ்ட் கடைசியில். ஆழக் கிணற்றின் அடித்தண்ணீரில் வெயில் நேராக இறங்குவது அந்த நாட்களில்தான். எகிப்தின் சியீனில் இது ஜூன் கதிர்த்திருப்ப நாளன்று நடக்கும். அதே நாளில் அலெக்சாந்திரியாவில் விழுந்த நிழலை அளந்துதான் எரட்டோஸ்தனிஸ் 2,200 ஆண்டுகளுக்கு முன் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார். நம்மவர்களும் நிழலைக் கவனித்திருக்கிறார்கள். நெடுநல்வாடையில், அரண்மனைக்கு மனை வகுக்கையில் நண்பகலில் கோல் நட்டுத் திசை பார்த்த செய்தி வருகிறது. அதைச் சித்திரை மாதத்து நண்பகல் என்கிறார் நச்சினார்க்கினியர். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

தினமும் நிழலின் நுனியில் ஒரு கூழாங்கல்லை வைத்து வாருங்கள். சித்திரையில் நாளுக்கு முக்கால் சென்டிமீட்டர் நகரும் நுனி, ஜூன் 16 முதல் 26 வரை பத்து நாளிலும் இரண்டு மில்லிமீட்டர்கூடத் தாண்டாது. கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொள்ளும். சூரியன் நின்று திரும்புவதைக் கண்ணால் காண இதைவிட எளிய வழி இல்லை. பஞ்சாங்கம் தட்சிணாயனத்தை ஆடி முதல் தேதியில் வைத்திருக்க, கம்போ ஆனி 7-லேயே திருப்பத்தைச் சொல்லிவிடுகிறது. பூமியின் அச்சு ஏறக்குறைய 26,000 ஆண்டுக்கு ஒரு சுற்றாகத் தலையாட்டுவதால் விழுந்த இடைவெளி இது.

பகல் நீண்டாலும், அதாவது 12 மணி 40 நிமிஷம் ஆனாலும், வெயில் அக்னி நட்சத்திர அளவுக்குச் சுடாது. மேற்கே மலையேறும் பருவக்காற்று கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்த காற்றாக நம் கரிசலில் இறங்குகிறது. புழுதி பறக்கும், மேகம் நிழல் மட்டும் தந்துவிட்டுப் போகும். நமக்கான மழை ஐப்பசியில்தான்.

மேகம் விலகிய இரவில் அதே கம்படிக்கு வாருங்கள். எட்டரை மணிக்குச் சுவாதி உச்சிக்கு அருகே ஒளிரும். தென்கிழக்கில் கேட்டை சிவந்திருக்கும். தெற்கே தாழ்வாகத் தென்சிலுவை. கூழாங்கற்களிலிருந்து கம்பு வழியாக வடக்கே பார்வையை ஓட்டினால், அடிவானத்துக்குச் சற்று மேலே துருவ நட்சத்திரம் மங்கலாகத் தெரியும். கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அந்த முஷ்டியின் அளவுதான் அதன் உயரம். சுமார் ஒன்பதரை பாகை: பந்தல்குடியின் அட்சரேகை.