கன அடியா, லிட்டரா? உங்கள் கால்குலேட்டரே மாற்றித் தரும்!

வீராணம் ஏரி பற்றிய செய்திகளில் பல அளவுகள் கலந்து வரும். ஏரியின் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. முழு நீர்மட்டம் 47.50 அடி. சென்னைக்குச் செல்லும் நீரை ஒருவர் வினாடிக்கு இத்தனை கன அடி என்பார். மற்றவர் நாளொன்றுக்கு இத்தனை மில்லியன் லிட்டர் என்பார். சிதம்பரத்தில் சிவில் படிக்கும் மாணவருக்கும், கடலூரில் பிளான் போடும் இன்ஜினியருக்கும் இந்த மாற்றம் அடிக்கடி தேவைப்படும். இதற்குத் தனி சாஃப்ட்வேர் வேண்டாம். விண்டோஸ் கால்குலேட்டர் போதும்.

எங்கே இருக்கிறது?

கால்குலேட்டரைத் திறந்து, இடது மேல் மூலையில் உள்ள மூன்று கோடுகளைக் கிளிக் செய்யுங்கள். கிடைக்கும் பட்டியலில் கீழே ‘கன்வெர்ட்டர்’ என்ற தலைப்பு தோன்றும். நீளம், பரப்பு, கன அளவு, வேகம், அழுத்தம் எனப் பல பிரிவுகள் அதில் உள்ளன. விண்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் ‘வியூ’ மெனுவில் ‘யூனிட் கன்வெர்ஷன்’ என்பதைத் தேர்வு செய்ய வேண்டும்.

செய்து பார்ப்போமா?

2004-ல் நிறைவேறிய புதிய வீராணம் திட்டத்தின்படி சென்னைக்கு நாளொன்றுக்கு 180 மில்லியன் லிட்டர் அனுப்பலாம். இது வினாடிக்கு எத்தனை கன அடி? கன்வெர்ட்டரில் நீரோட்டத்திற்கு என்று தனிப் பிரிவு இல்லை. எனவே இரண்டு படிகளாகச் செய்ய வேண்டும்.

1. ‘வால்யூம்’ பிரிவில் மேலே லிட்டர், கீழே கன அடி என்று தேர்வு செய்து 180000000 என டைப் செய்யுங்கள். சுமார் 63,56,640 கன அடி என்று விடை வரும்.

2. ஒரு நாளுக்கு 86,400 வினாடிகள். சாதாரண கால்குலேட்டருக்குத் திரும்பி அதனால் வகுத்தால் 73.57 கிடைக்கும். இதுதான் வினாடிக்கான கன அடி.

இந்தக் கணக்கை அடிக்கடி போடுபவர்கள் எக்செல்லில் ஒரு செல்லில் மில்லியன் லிட்டரை உள்ளிட்டு, அடுத்த செல்லில் அதை 2.44658-ஆல் வகுக்கும்படி ஃபார்முலா அமைத்துக்கொள்ளலாம்.

47.50 அடியை மீட்டராக்கினால் 14.48 வரும். கணக்கு சரிதான். ஆனால் ஏரி 14 மீட்டர் ஆழம் என்று எழுதிவிடாதீர்கள்! அது கடல் மட்டத்திலிருந்து கணக்கிட்ட உயரம். அளவை மாற்றுவது மட்டுமே கன்வெர்ட்டரின் வேலை. எண்ணின் பொருளை நாம்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

காற்றில் கவனம்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் அருகே கரையைக் கடந்தது. காற்று மணிக்கு 140 கிலோமீட்டர் வரை வீசியது. நம் நாட்டுக் கட்டட விதிகளில் காற்றழுத்தத்திற்கான சூத்திரம்: 0.6 பெருக்கல் வேகத்தின் வர்க்கம். வேகம் வினாடிக்கு மீட்டரில் இருக்க வேண்டும். விடை சதுர மீட்டருக்கு நியூட்டனில் வரும்.

‘ஸ்பீட்’ பிரிவில் 140-ஐ மாற்றினால் 38.89. சூத்திரத்தில் போட்டால் சுமார் 907 நியூட்டன். மாற்றாமல் 140-ஐ அப்படியே போட்டால் 11,760! அதாவது கிட்டத்தட்ட 13 மடங்கு. தவறு எதிர்த்திசையில் நடந்து, தேவையைவிடக் குறைவான பலத்தில் கூரை போட்டால் என்ன ஆகும்? அடுத்த புயலில் தெரிந்துவிடும்.

கேலனில் ஏமாறாதீர்கள்

மோட்டார் பம்ப் விவரத்தில் நிமிடத்திற்கு 50 கேலன் என்று இருந்தால், எந்த கேலன் என்று பாருங்கள். அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர். முதலாவது என்றால் 189 லிட்டர், இரண்டாவது என்றால் 227 லிட்டர். கன்வெர்ட்டரில் இரண்டுமே இருக்கும். டன்னிலும் இப்படி மூன்று வகை உண்டு. நமக்கு வேண்டியது 1,000 கிலோ கொண்ட மெட்ரிக் டன்.

நாசாவே இதில் சறுக்கியது. 1999-ல் ஒரு குழு பவுண்டு அளவில் தந்த எண்ணை மற்றொரு குழு நியூட்டன் என எடுத்துக்கொண்டதால், செவ்வாய்க்குச் சென்ற மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் தொலைந்தது.

எனவே எந்தக் கணக்கிலும் எண்ணுக்குப் பக்கத்தில் அதன் அலகையும் எழுதுங்கள். விடை வந்ததும் அதைத் தலைகீழாக ஒருமுறை மாற்றி, பழைய எண் வருகிறதா என்று சரிபாருங்கள். ஒரு நிமிட வேலைதான்!