பனியன் கழிவும் பளிங்குத்தாளும்

கெட்டிப்படுத்திய நீரின் மேற்பரப்பில் வண்ணங்களைத் துளித்துளியாக மிதக்கவிட்டு, ஊசியாலோ சீப்பாலோ இழுத்து உருவாக்கிய வடிவத்தின்மீது ஒரு தாளை ஒரே ஒருமுறை படியவைத்து, அவ்வடிவத்தை அப்படியே எடுத்துக்கொள்ளும் கைவினையே மார்பிளிங் எனப்படும் பளிங்குத்தாள் தயாரிப்பாகும். தோல் முதுகு வைத்துக் கட்டிய பழைய புத்தகங்களின் உள்ளட்டையில் சலவைக்கல் வரிகளைப் போல ஓடும் வண்ணத் தாளைக் கண்டவர்கள் இதன் விளைவைக் கண்டிருக்கிறார்கள். திருப்பூர் வட்டார வாசகருக்கு இக்கைவினை அயலானதாகத் தோன்றலாம். ஆனால் இதற்கு வேண்டிய கெட்டிப்பசை, பிக்மென்ட், படிகாரம் ஆகிய மூன்றும் துணித்தொழில் நன்கறிந்த பொருள்களே என்பதோடு, இது நிகழும் தாளே இங்குள்ள பனியன் கழிவிலிருந்து பிறப்பதும் உண்டு.

ஜப்பானில் 12ஆம் நூற்றாண்டிலேயே வெறும் நீரில் மையை மிதக்கவிட்டு எடுத்த தாள்கள் கிடைக்கின்றன. பாரசீகத்திலும் துருக்கியிலும் இக்கலை வேறொரு வழியில், கெட்டியான நீரின்மேல் வளர்ந்தது. துருக்கியின் எப்ரு கலையை யுனெஸ்கோ 2014இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இவற்றுக்கிடையே இந்தியாவின் பங்கு உரிய அளவுக்குப் பேசப்படுவதில்லை. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பீஜப்பூர் சுல்தானகத்தில் இருந்த ஓவியர்கள், தாளில் வண்ணம் படக்கூடாத இடங்களை மறைத்துக்கொண்டு, ஒரு விலங்கின் உடலுக்குள் மட்டும் பளிங்கு வரிகள் நிரம்புமாறு செய்தார்கள். எலும்பு தெரிய மெலிந்த குதிரையையும் அதன்மேல் அமர்ந்தவனையும் காட்டும் அத்தகைய ஓவியமொன்று இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. புத்தக அட்டைக்கான அலங்காரத் தாளை உருவம் தீட்டும் ஓவியமாக உயர்த்தியது தக்காணத்தின் தனிச் சாதனை என்றே சொல்ல வேண்டும்.

தமிழ் நிலப்பரப்பில் இக்கைவினை இன்றும் நடைபெறும் இடம் புதுச்சேரி. அங்கு 1959இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தாள் தொழிற்கூடம் பளிங்குத்தாளுக்குப் பெயர்பெற்றது. மரக்கூழ் சேராத கைத்தாளுக்கு மூலப்பொருள் பருத்தித் துணிக் கழிவாகும். அதிலும் வெள்ளைப் பனியன் கட்டிங் வேஸ்ட்டுக்குத் தனி மதிப்பு உண்டு. பின்னல் துணியின் நூலுக்குத் தறிப்பாவு நூலைப்போலக் கஞ்சி ஏற்றுவதில்லை என்பதாலும், கண்ணிகளாகத் தளர்ந்து கிடக்கும் அந்நூல் அரைவை இயந்திரத்தில் எளிதில் பிரிந்து இழையாகும் என்பதாலும், அதன் கூழ் தூய்மையாகவும் வலுவாகவும் அமைகிறது. நனைந்த தாளை மூலையில் பிடித்துத் தூக்கவும் அலசவும் வேண்டிய இத்தொழிலில் அந்த வலுவே முதல் தேவை.

தொட்டியிலுள்ள நீரைக் கெட்டிப்படுத்துவதற்குப் பெரும்பாலும் கடற்பாசிப் பொருள்களே பயன்படுகின்றன. ராமநாதபுரம் கடற்கரையில் மூங்கில் மிதவைகளில் வளர்க்கப்படும் கப்பாபைகஸ் பாசியிலிருந்து கராஜீனன் என்னும் பொருளும், மன்னார் வளைகுடாவில் மீனவப் பெண்கள் கட்டக்கோரை என்ற பெயரில் சேகரிக்கும் பாசியிலிருந்து ஆல்ஜினேட்டும் கிடைக்கின்றன. சோடியம் ஆல்ஜினேட்டைப் பிரிண்டிங் பட்டறைக்காரர்கள் ரியாக்டிவ் சாயத்துக்கான பசையாக அறிவார்கள். மாவுப்பசையைப்போல அது சாயத்தோடு வினைபுரிந்து அதை வீணாக்குவதில்லை. மார்பிளிங்குக்குக் கராஜீனனே சிறந்தது எனப் பலர் கருதுகிறார்கள். லிட்டருக்கு ஏறத்தாழ 5 கிராம் தூளைக் கலக்கி, நுரையும் குமிழியும் அடங்க ஓரிரவு வைப்பது வழக்கம். ஆல்ஜினேட்டைப் பயன்படுத்துவோர் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரைத் தவிர்த்தாக வேண்டும். அதிலுள்ள கால்சியம் பசையைக் கட்டிகட்டியாகத் திரளச் செய்துவிடும்.

வண்ணம் மிதப்பதற்குக் காரணம் பரப்பு இழுவிசை, அதாவது நீரின் மேற்பரப்பு மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும் விசை. நீரைவிடக் குறைந்த பரப்பு இழுவிசை கொண்ட துளி விழும்போது, சுற்றியுள்ள நீர் அதைத் தன் பக்கமாக இழுப்பதால் அது மெல்லிய வட்டமாக விரிகிறது. அதன் நடுவே விழும் அடுத்த துளி, முதல் வண்ணத்தோடு கலக்காமல் அதை வளையமாக வெளியே தள்ளுகிறது; ஆனால் பரப்பில் நெருக்கம் கூடக்கூடப் பின்னால் வரும் வண்ணங்களுக்கு விரியும் ஆற்றல் அதிகமாகத் தேவைப்படுகிறது. மரபான கைவினைஞர்கள் அதற்கென மாட்டுப் பித்தநீரைச் சொட்டுக்கணக்கில் சேர்த்தார்கள். வண்ணங்கள் எவ்வரிசையில் விழ வேண்டும், எதற்கு எத்தனை சொட்டுப் பித்தநீர் என்பதைச் சிறு கிண்ணத்தில் சோதித்து அறிவதே இக்கல்வியின் பெரும்பகுதி. சாயப்பட்டறையில் புழங்கும் ரியாக்டிவ் சாயம் நீரில் கரைந்து தொட்டியையே நிறமாக்கிவிடும் என்பதால், கரையாத நுண்துகள்களாகிய பிக்மென்ட் கொண்ட வண்ணங்களே, பால் பதத்துக்கு நீர்க்கச் செய்யப்பட்டு இங்கே உதவுகின்றன.

மிதக்கும் வண்ணத்தைத் தாளோடு பிணைப்பது படிகாரம். அதன் கரைசலைத் தாளின் ஒரு பக்கத்தில் சீராகத் தடவி உலர்த்தினால், அதிலுள்ள நேர்மின் அலுமினிய அயனிகள் வண்ணப் படலத்தைப் பற்றி நிறுத்துகின்றன. பருத்தியில் சாயம் ஏற்றுவதற்கு முன்னோர் படிகாரத்தை நாடியதும் இப்பற்றுக்காகவே. சுண்ணாம்புத்தூள் நிரப்பிய இயந்திரத் தாளில் படிகாரம் வலுவிழந்துவிடுவதால், அலசும்போது வண்ணமெல்லாம் ஓடிவிடும். படிகாரம் அமிலத்தன்மை கொண்டது. அதைத் தடவிய தாளை நெடுநாள் வைத்திருந்தால் இழை நொய்ந்துவிடும் என்பதால், தடவியதைச் சில நாள்களுக்குள் பயன்படுத்திவிட வேண்டும்.

வேலை தொடங்குமுன் செய்தித்தாள் கீற்றால் நீரின் மேற்பரப்பை வழித்தெடுக்கிறார்கள். பஞ்சுத்தூசி பறக்கும் ஊர்களில் இதைத் தவிர்க்கவே முடியாது. ஓர் இழை மிதந்தாலும் வண்ணப் படலம் அங்கே கிழியும். பின்னர் மெல்லிய ஈர்க்குக் கற்றையை வண்ணத்தில் தோய்த்துத் தட்டித் தெளித்து, ஊசிகள் பதித்த மரச்சட்டத்தை ஒருமுறை முன்னும் ஒருமுறை குறுக்காகவும் இழுக்கும்போது வளையங்கள் இறகு வரிகளாக மாறுகின்றன. எதிரெதிர் மூலைகளில் பிடித்த தாளின் ஒரு மூலை முதலில் நீரைத் தொட, மற்றது தடையின்றித் தொடர்ந்து இறங்க வேண்டும். கை ஒரு கணம் தயங்கினால் தாளின் குறுக்கே ஒரு கோடு விழும், காற்று அகப்பட்டால் வெள்ளை வட்டம் நிற்கும். எடுத்த தாளை அலசி உலர்த்தினால் வேலை முடிந்தது. ஒரு வடிவத்தை இரண்டாம்முறை அச்சாக எடுக்க இயலாது. அமெரிக்கக் காலனிகளின் 1775ஆம் ஆண்டு 20 டாலர் தாளுக்குக் கள்ளநோட்டுக்காரருக்கு அஞ்சிப் பளிங்கு விளிம்பு இட்டதும் இதனால்தான்.

இதே முறையைப் பருத்தித் துணியிலும் செய்யலாம். சாஃப்ட்னர் ஏற்றிய துணியில் படிகாரம் ஊறாது என்பதால் முதலில் நன்றாகத் துவைத்து, படிகாரக் கரைசலில் தோய்த்து உலர்த்த வேண்டும். சிங்கிள் ஜெர்சி துணி நீளவாக்கைவிடக் குறுக்கே அதிகம் நீளும். இழுத்துப் பிடித்தபடி நீரில் படியவைத்தால் கை விட்டதும் துணி சுருங்கி வட்டமெல்லாம் முட்டை வடிவாகும். அதனால் இருவர் நான்கு மூலைகளையும் இழுக்காமல் தளரப் பிடித்து, நடுப்பகுதியை முதலில் நீரில் தொடவிட்டு ஓரங்களைப் பையப் பைய இறக்க வேண்டும். அலசிய பின்னும் கொடியில் தொங்கவிடாமல் பரப்பியே உலர்த்த வேண்டும்.